தட்டாமல் விட்ட கதவு

என் அக்காவின் கணவருக்குப் பொய் சொல்ல வராது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சீட்டு விளையாடும்போதுகூட நல்ல சீட்டு கையில் இருந்தால் அவர் காது சிவந்துவிடும். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய பொய் சொன்னார். மூன்றே சொல். "இல்ல சார், மூட்டம்." அதைச் சொன்னபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். இன்னும் அந்த மூன்று சொல்லை அவர் இறக்கி வைக்கவில்லை.

மாமா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். அவர் ஒரு மலை விடுதியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். அதே விடுதியில் என் அக்கா துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தாள். நான் ரயில் நிலையத்திலிருந்து விருந்தினர்களை ஏற்றி வரும் வேனை ஓட்டினேன். அதனால் நடந்ததில் பாதியை நான் நேரில் பார்த்தேன். மீதியை அக்கா சொன்னாள். கடைசியில் மாமாவே சொன்னார்.

விடுதி இரண்டு மாடி, இருபத்தாறு அறை. வடக்குப் பக்க ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்குக்கு அப்பால் பனி மூடிய மலை. விடுதியில் யாரும் அதன் பெயரைச் சொல்ல மாட்டோம், எதிர் மலை என்போம். சூரியன் வருவதற்குச் சற்று முன்பு அந்த மலையின் உச்சியில் ஒரு நிறம் பிடிக்கும். முதலில் சாம்பல் கலந்த ஊதா, பிறகு ரோஜா, பிறகு செம்பு மாதிரி ஒரு சிவப்பு. அது உச்சியிலிருந்து மெதுவாகக் கீழே வழிந்து, மஞ்சளாகி, கடைசியில் வெறும் வெள்ளையாகிவிடும். மொத்தமே ஏழெட்டு நிமிடம். எல்லா நாளும் வராது. மாலையிலும் அப்படி ஒரு நிறம் உண்டு, ஆனால் மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிடுவதால் அதை வருஷத்துக்குப் பத்து நாள் பார்த்தால் அதிகம். விடுதியில் வேலை செய்கிறவர்கள் இதை, மலை பூத்துடுச்சு என்போம். இன்னைக்குப் பூத்துச்சா, நேத்துப் பூக்கலையே என்றுதான் எங்கள் பேச்சு. வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஏழெட்டு நிமிடத்துக்காகத்தான் வருவார்கள்.

மாமா விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து பாய்லரைப் பற்றவைப்பார். நாலரைக்கு மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். மலையின் இரண்டு சிகரங்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் நட்சத்திரம் தெரிந்தால் அன்று பூக்கும். தெரியாவிட்டால் பூக்காது. பூக்கும் என்று பட்டால், முந்தின நாள் மாலை வரவேற்பறைப் பலகையில் எண் எழுதி வைத்தவர்களின் கதவை மட்டும் தட்டி எழுப்புவார். கம்பளிக் காலுறை மட்டும் போட்டுக்கொண்டு மரத் தரையில் பூனை மாதிரி நடப்பார், எழுந்திருக்க விரும்பாதவர்களின் தூக்கம் கெடக்கூடாது என்று. விரல் முட்டியால் மூன்று தட்டு. பதில் இல்லையென்றால் இன்னும் இரண்டு. சமையற்கட்டில் அவருக்குச் சேவல் என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஒருவன், எழுப்பச் சொல்லி எழுதி வைத்தது தானேதான் என்பதை மறந்து, கதவைத் திறந்து அவர் மேல் செருப்பை வீசியிருக்கிறான். அதையும் மாமா சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

இதில் ஒரு வேடிக்கை. பத்தொன்பது வருஷம் மற்றவர்களை எழுப்பினாரே தவிர, அந்த நிறத்தை அவர் முழுசாகப் பார்த்ததே இல்லை. மலை பூக்கிற நேரத்தில் அவர் தூங்குமூஞ்சிகளின் கதவில் நிற்பார், இல்லையென்றால் குளிரில் நடுங்குகிறவர்களுக்குப் போர்வை தூக்கிக்கொண்டு படியேறுவார். எல்லாம் முடிந்து நிமிர்ந்தால் மலை வெளுத்திருக்கும்.

அந்த வருஷம் கூட்டம் குறைந்த மாதத்தில் ஒரு தம்பதியை நான் ஏற்றி வந்தேன். அவருக்கு அறுபது இருக்கும். மெலிந்த ஆள், நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்கு நிறுத்துவார். அந்த அம்மா அவருக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு படியிலும் திரும்பிப் பார்ப்பார். கணவர் ஒரு பெரிய துணி ஆலையில் சாயப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே எல்லோரும் கலர் மாஸ்டர் என்று கூப்பிடுவார்களாம். நாங்களும் மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். சாய ஆவியிலேயே இருந்து நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. உயரமான இடத்துக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மீறி, மூன்று நாள் மட்டும் என்று மனைவியிடம் சண்டை போட்டு வந்திருந்தார். மலை நன்றாகத் தெரியும் என்று மாடியில் கோடியில் இருந்த பதினான்காம் எண் அறையைக் கேட்டு வாங்கினார்கள்.

முதல் நாள் மூட்டம். இரண்டாம் நாளும் மூட்டம். மூன்றாம் நாள் மழையே பெய்தது. மாஸ்டர் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் இரண்டு நாள் வாங்கினார். அஞ்சு நாள், அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூட இல்ல என்று அந்த அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அவரால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மாடிப்படி ஏற முடியும். காலையில் இறங்கினால் மாலைவரை கீழேதான் இருப்பார். கீழே வெதுவெதுப்பான இடம் பாய்லர் அறை ஒன்றுதான். மாமா ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். மாமா அதிகம் பேசாதவர். ஆனால் மாஸ்டரோடு பேசியதை வீட்டுக்கு வந்து அக்காவிடம் விடாமல் சொல்லுவார்.

மாஸ்டருடைய வேலை நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது. சாயத் தொட்டியிலிருந்து துணி வெளியே வந்ததும், ஷேடு கார்டில் ஒட்டியிருக்கும் மாதிரித் துண்டோடு வைத்துப் பார்த்து, சரி அல்லது தப்பு என்று சொல்ல வேண்டும். இம்மி பிசகினாலும் மொத்தத் துணியும் திரும்பத் தொட்டிக்குப் போகும். அந்தக் கார்டில் முந்நூற்றுப் பதினோராம் எண்ணுக்கு 'மலை விடியல்' என்று பெயர். ஒரு மாதிரி செம்பும் ரோஜாவும் கலந்த நிறம். யார் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று ஆலையில் யாருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருஷம் மாஸ்டர் அதைச் சரி பார்த்து அனுப்பினார்.

"மலைய நான் பார்த்ததே இல்ல," என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். "பார்க்காமலே சரி, சரின்னு சொல்லி ஊருக்கெல்லாம் உடுத்திவிட்டுட்டேன். ஒரு தடவை நிஜத்தோட வெச்சுப் பார்த்துடணும். தப்பா இருந்தா தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டாவது போறேன்."

சட்டைப் பையில் ஒரு துண்டுத் துணி எப்போதும் வைத்திருந்தார். உள்ளங்கை அகலம்தான். அதை வெயிலில் காட்டாமல் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார்.

மாமா அவருக்கு வாக்குக் கொடுத்தார். மலை பூத்தால் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான் என்றார். யாரும் அவரை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலை. இரண்டு நாளாக மாமாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி, சரியான தூக்கம் இல்லை. மாத்திரை போட்டிருந்தார். நாலரைக்கு மாடிக்குப் போனபோது மூட்டம் சுவர் மாதிரி நின்றது, கை நீட்டினால் விரல் தெரியவில்லை. இன்றும் இல்லை என்று இறங்கி வந்து, பாய்லர் பக்கத்தில் மாஸ்டர் உட்காரும் அதே நாற்காலியில் சாய்ந்தார். வெதுவெதுப்பு, மாத்திரை, களைப்பு. கண் அசந்துவிட்டது.

முழித்தபோது பாய்லரில் தண்ணீர் கொதிக்கும் சத்தம். விறகு எடுக்கப் பின்கதவைத் திறந்தார். மூட்டம் முழுக்கப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிப் பால் மாதிரி கிடந்தது. அதற்கு மேலே மலை பூத்திருந்தது.

அப்போதுதான் ரோஜா நிறம் செம்பாக மாறத் தொடங்கியிருந்தது. இன்னும் நாலைந்து நிமிடம் இருந்தது. பதினான்காம் அறைக்குப் போக ஒரு மாடிப்படி, அப்புறம் இருபத்தொரு எட்டு. பத்தொன்பது வருஷமாக இருட்டில் எண்ணி நடந்தவருக்கு அது தெரியாதா? மாஸ்டர் மொட்டை மாடிக்கு ஏறக்கூட வேண்டாம். எழுந்து ஜன்னல் திரையை விலக்கினால் போதும்.

மாமா போகவில்லை.

ஏன் என்று நான் அவரைப் பல தடவை கேட்டிருக்கிறேன். முதலில் ஒரு கணம் பயம் என்றார். இப்போது போய்த் தட்டினால், ஏன் இவ்வளவு நேரம் கழித்து என்று கேட்பார்கள், தூங்கியது வெளியே வரும், பலகையில் எண் எழுதி வைத்த மற்ற நான்கு அறைக்காரர்களும் மேனேஜரிடம் போவார்கள். இதை நினைத்து நின்றதில் ஒரு நிமிடம் போனது. அதற்குப் பிறகு நின்றது பயத்தால் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் நின்றது, மலை அவ்வளவு அழகாக இருந்ததால். முதல் தடவையாகக் கையில் போர்வை இல்லாமல், தட்டக் கதவு இல்லாமல், தலை நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். மாஸ்டர் ஞாபகம் இருந்தது. இருந்தும் நின்றார்.

நிறம் வடிந்த கொஞ்ச நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் திரும்ப எழும்பி மலையை மூடிக்கொண்டது. எழுந்து திரையை விலக்கியவர்கள் வெள்ளையைத்தான் பார்த்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

சாப்பாட்டு அறையில் மாஸ்டர் பையோடு இறங்கி வந்து, இன்னைக்கும் இல்லையா என்று கேட்டார். மாமா டீக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே அந்த மூன்று சொல்லைச் சொன்னார். காது சிவந்திருக்கும். ஆனால் அந்தக் குளிரில் எல்லோருடைய காதும் சிவந்துதான் இருந்தது.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகித மடிப்பை எடுத்து மாமா கையில் வைத்தார். "எனக்குக் குடுத்து வைக்கல. நீங்க இங்கேயே இருக்கிற ஆளு. என்னைக்காவது பூத்தா, இதை அது பக்கத்துல வெச்சுப் பாருங்க. சரியா தப்பான்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. அது போதும்."

காகிதத்தின் பின்பக்கம் முகவரி எழுதியிருந்தது. மாமா வாங்கிக்கொண்டார். எப்படி வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை என்பார்.

நான் அவர்களைக் கீழே கொண்டுபோய் ரயில் ஏற்றினேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

அன்று மத்தியானம் வீட்டில் அக்கா சாப்பாடு போட்டாள். மாமா பாதியில் கை கழுவினார். பல் வலியா என்று அவள் கேட்கவில்லை. விடுதியின் பின்பக்கக் கொடியில் விரிப்புகளைக் காயப்போட அன்று காலை அவள் சீக்கிரமே வந்திருந்தாள்.

"நான் பார்த்தேன்," என்றாள்.

"என்னத்தை?"

"மலையையும் பார்த்தேன். உங்களையும் பார்த்தேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மாமா பின்னால் சொன்னார். அக்காவின் பேசாத முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று சின்ன வயதிலிருந்து எனக்கும் தெரியும்.

அடுத்த வாரமே மலை பூத்தது. மாமா துணித் துண்டோடு மாடிக்குப் போனார். அதைக் கை நீட்டிப் பிடித்து மலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதில் கிடைத்துவிட்டது. கடுதாசி எழுதுவதற்கு ஒரு தடையும் இல்லை. ஒரு வரிதான்.

எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால், நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்கிற மாதிரி எழுத வேண்டியிருந்தது. அது முதல் பொய்க்கு மேல் இன்னொரு பொய். இல்லையென்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். அதற்குத் தைரியம் இல்லை. இரண்டில் ஒன்றும் செய்யாமல், நாளைக்கு, அடுத்த வாரம், மழை நிற்கட்டும் என்று தள்ளினார். நான்கு தபால் அட்டை வாங்கி நான்கையும் பாய்லரில் போட்டார்.

அதற்குப் பதிலாக வேறு ஒன்று செய்தார். மூட்டமோ மழையோ, பலகையில் எண் எழுதின எல்லோரையும் தினமும் எழுப்பத் தொடங்கினார். போர்வையைச் சுற்றிக்கொண்டு மாடிக்கு வந்த ஒருவர், வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாததைப் பார்த்து, இதைக் காட்டவா எழுப்பினீங்க என்று கேட்டார். சொல்ல முடியாது சார், கொஞ்சம் நில்லுங்க என்றார் மாமா. புகார் மேல் புகார் வந்தது. மேனேஜர் கூப்பிட்டு, உமக்கு என்ன ஆச்சு, வானத்தைப் பார்த்துச் சொல்ற ஆள்தானே நீர் என்று கேட்டார். மாமா மறுநாளும் எழுப்பினார்.

பதினோரு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் பாய்லருக்கு ஒரு வால்வு வாங்க மாமா என்னோடு வேனில் கீழே வந்தார். பாதி மலையில் ஓரமாக நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்று, எந்த முன்னுரையும் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ரேடியேட்டர் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எனக்கு அந்த நாள் வேனில் கேட்டது ஞாபகம் வந்துவிட்டது. வாய் தவறி அதையும் சொல்லிவிட்டேன்.

"மாமா, அன்னைக்கு இறங்கும்போது மாஸ்டர் அந்த அம்மாகிட்ட உங்களைப் பத்தித்தான் பேசிட்டு வந்தாரு. பாவம் அந்த மனுஷன், அஞ்சு நாளும் நமக்காக வானத்தைப் பார்த்தாரு, இல்லன்னு சொல்றப்ப அவருக்கு முகமே செத்துப்போச்சு, நாம ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்னு."

மாமா மெதுவாகச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. நான் சொல்லியது உதவியா உபத்திரவமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லாமல் இருந்திருந்தால் அவர் இன்னும் பத்து வருஷம் தள்ளிப்போட்டிருப்பார். சொன்னதால் பட்ட வலி அந்தப் பத்து வருஷத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் வந்துவிட்டது.

எழுந்தபோது, "நேர்ல போயிடலாம் மாப்ளே. எழுதுறதுக்கு இல்ல இது," என்றார்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினோம். ஒரு பகல் முழுக்கப் பயணம். அக்கா புறப்படும்போது அவருடைய நல்ல சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். பேசவில்லை. ஆனால் பொத்தானை அவளே போட்டுவிட்டாள்.

ஆலை ஊர் அது. ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருந்த ஒரு தெருவில், பச்சைக் கதவு. அந்த அம்மாதான் திறந்தார். என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டு, வேன் தம்பியா என்றார். அப்புறம் மாமாவைப் பார்த்தார். உள்ளே வரச் சொன்னார். முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது, அதன் மேல் மடித்த ஸ்வெட்டர். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மாமாவுக்குப் புரியவில்லை. மாஸ்டர் வெளியே போயிருக்காரா என்று கேட்டார்.

"அவர் போய் ஆறு மாசம் ஆகுது," என்றார் அந்த அம்மா.

மாமாவுக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே, இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு சொன்னார். தூங்கியது, விழித்தது, நாலு நிமிடம் நின்றது, சாப்பாட்டு அறையில் சொன்னது. ஒன்றையும் குறைக்கவில்லை. பல் வலியையும் மாத்திரையையும் மட்டும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்ததால் நான் வாயைத் திறந்தேன். அவர் கையால் தடுத்துவிட்டார்.

அந்த அம்மா நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அந்த மலையைப் பார்க்கலேங்கிறதைப் பத்தி அவர் ஊருக்கு வந்து ஒரு வார்த்தை பேசல," என்றார். "போனோம், பார்க்கல, விடுன்னுட்டார். ஆனா உங்க கடுதாசிக்குக் காத்திருந்தார். அஞ்சு மாசம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா நாற்காலியை விட்டு எழுந்திரிப்பார். எழுந்திரிக்க முடியாத நிலைமையில என்னை அனுப்பினார். அவர் எழுதுவார், நல்ல மனுஷன், அங்க மூட்டமா இருக்கும்னு சொல்லிட்டே இருந்தார்."

பதினோரு மாதமாக மாமா அந்த நாலு நிமிடத்தைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார். எழுதாமல் விட்டது ஒரு தயக்கம், ஒரு சோம்பல், சரி செய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தார். அதுதான் பெரியது என்பது அந்த அறையில்தான் அவருக்குத் தெரிந்தது.

"நீங்க தூங்கினீங்க, அது மனுஷ உடம்பு," என்றார் அந்த அம்மா. "பயந்துட்டீங்க, அதுகூட எனக்குப் புரியுது. நின்னு பார்த்தீங்க. சரி. ஆனா ஒரு வரி எழுதுறதுக்கு என்ன? உண்மையையே எழுதியிருந்தா அவர் ரெண்டு நாள் உங்களைத் திட்டியிருப்பார். மூணாம் நாள், என்ன ஷேடு, எங்க ஆரம்பிச்சு எங்க மாறுச்சுன்னு கேட்டு உங்களுக்குப் பதில் போட்டிருப்பார். அதைப் பேசியே அந்த அஞ்சு மாசத்தை ஓட்டியிருப்பார்."

"தப்பும்மா," என்றார் மாமா. "என்னை மன்னிச்சுடுங்கன்னு கேட்கத்தான் வந்தேன். இப்போ கேட்கறதுக்கு வாய் வரல."

"கேட்க வேண்டாம். கேட்டா இல்லைன்னு சொல்ல வேண்டியிருக்கும். எனக்குக் கோவம் இருக்கு. நீங்க இவ்வளவு தூரம் வந்துட்டீங்கங்கிறதுக்காக அதைத் தூக்கி ஓரமா வெச்சிட முடியாது."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பிறகு, ஒத்துப்போச்சா என்று கேட்டார்.

மாமா பையிலிருந்து காகித மடிப்பை எடுத்தார். "ஒரு நிமிஷம் ஒத்துப்போச்சும்மா. ரோஜா போயி செம்பு வர்ற இடத்துல, இது அது ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் மலை தாண்டிப் போயிடுச்சு. துணியால அதுக்கு மேல போக முடியல."

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. துண்டை வாங்கி, அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே அதே மாதிரி நூறு துண்டு இருக்கும், ஒவ்வொன்றிலும் எண் கட்டியிருந்தது. முந்நூற்றுப் பதினொன்றைத் தேடி அதன் இடத்தில் வைத்தார். இருக்கறதுலயே நல்லதைத்தான் உங்ககிட்ட குடுத்திருக்கார் என்று மட்டும் சொன்னார்.

டீ போட்டுக் கொடுத்தார். நாங்கள் குடித்தோம். கதவுவரை வந்து வழியனுப்பினார். திரும்ப வாங்க என்று சொல்லவில்லை. வராதீங்க என்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் மாமா நேராக மேனேஜர் அறைக்குப் போனார். தூங்கியதையும் பொய் சொன்னதையும் சொன்னார். வேலையிலிருந்து எடுத்துவிடுவார், அல்லது நாலு பேர் முன்னால் கத்துவார் என்று எதிர்பார்த்தார். மேனேஜர் சிரித்துவிட்டார். போன வருஷத்துக் கதையை இப்ப வந்து சொல்றீரே, யாருக்குய்யா ஞாபகம் இருக்கு, போய் வேலையைப் பாரும் என்றார். மாமாவுக்கு அது அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது. தண்டனை கொடுக்க உரிமை உள்ளவர் கொடுக்கவில்லை. மன்னிக்க உரிமை உள்ளவரும் மன்னிக்கவில்லை. நடுவில் அவர் தினமும் பாய்லரைப் பற்றவைத்துக்கொண்டு வாழ வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, ரொம்ப நாளைக்கு அப்புறம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தான் அன்றே கீழிருந்து கத்தி மாஸ்டரை எழுப்பியிருக்கலாம் என்றாள். கையில் ஈர விரிப்போடு அவளும்தானே அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எழுதாமல் இருந்தபோது, தானே ஒரு வரி எழுதியிருக்கலாம் என்றாள். அவளும் பதினோரு மாதம் அதைத்தான் மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது மாமாவுக்கு அன்றுதான் தெரிந்தது. நான் வெளியே வாசலில் நின்றிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது போதும் என்று நினைத்து அப்படியே கிளம்பிவிட்டேன்.

அதன் பிறகு மாமா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மலையைப் பார்க்காமல் ஊர் திரும்புகிற ஒவ்வொருவரிடமும், விருப்பமிருந்தால் முகவரி கொடுங்கள் என்று கேட்பார். அடுத்து மலை பூத்ததும், அன்றே உட்கார்ந்து அட்டை எழுதுவார். எழுத்து ஒன்றும் அழகாக இருக்காது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தச் சிகரத்தில் முதலில் பிடித்தது, என்ன நிறம், எவ்வளவு நேரம் என்று நாலு வரி. நீங்கள் தங்கியிருந்த அறையின் ஜன்னலிலிருந்து இப்படித் தெரிந்தது என்று முடிப்பார். சிலர் பதில் எழுதினார்கள். ஒரு பெண் தன் குழந்தை அந்த அட்டையைப் பார்த்து வரைந்த படத்தை அனுப்பியிருந்தாள். மலை பச்சையாக இருந்தது. மாமா அதைப் பார்த்துச் சிரித்தார், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

பச்சைக் கதவு வீட்டுக்கும் வருஷத்துக்கு ஒன்று போடுகிறார். தன்னைப் பற்றியோ மன்னிப்பைப் பற்றியோ அதில் ஒரு சொல் இருக்காது. மலையைப் பற்றி மட்டும். இந்தப் பதினான்கு வருஷத்தில் அந்த அம்மாவிடமிருந்து ஒரு பதிலும் வந்ததில்லை. ஆள் இல்லை என்று அட்டை திரும்பி வந்ததும் இல்லை. அப்படியென்றால் போய்ச் சேருகிறது, வாங்கிக்கொள்கிறார் என்று அக்கா சொல்வாள். மாமா முகவரியை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்து, கீழே போகும்போது மறக்காமல் போட்டுடு மாப்ளே என்பார்.